வலிக்காத நோய்: சர்க்கரை நோயை அறிவோம்

திருவனந்தபுரத்தில் வலியசாலை என்ற இடம் உண்டு. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. காந்தளூர்ச் சிவன் கோயில் அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே சாலைக் கடைத்தெரு. அரிசி, பருப்பு, வெல்லம், மிளகாய் எல்லாம் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்.

அந்தக் கடைத்தெருவில் சுமை தூக்கும் ஒருவரை நினைத்துக் கொள்வோம். வலியசாலையில் குடியிருக்கிறார். வயது 52. நாள் முழுவதும் உழைப்பவர். "உழைக்கிற உடம்புக்கு நோய் ஏது?" என்று சொல்வார்.

ஒரு நாள் மாலை வீடு திரும்பினார். வாசலில் செருப்பைக் கழற்றினார். மகள் அதைப் பார்த்தாள்.

"அப்பா, செருப்புல ஆணி ஏறி நிக்குதே! கால்ல ரத்தம் வருது. வலிக்கலையா?"

அவர் குனிந்து பார்த்தார். ஆணி செருப்பைத் துளைத்து உள்ளே நீட்டிக் கொண்டிருந்தது. உள்ளங்காலில் புண். நாள் முழுவதும் அதன் மேல் மூட்டையோடு நடந்திருக்கிறார். அவருக்கு வலிக்கவே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் புண்ணைப் பார்த்தார். இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். வெறும் வயிற்றில் சர்க்கரை 240 இருந்தது.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே டாக்டர்!" என்றார் அவர்.

"இந்த நோய் அப்படித்தான். பல வருஷம் சத்தமே போடாது. காலில் உணர்ச்சி குறைந்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது" என்றார் டாக்டர்.

இவரைப் போன்றவர்கள் ஏராளம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. மேலும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் நோயின் வாசலில் நின்றார்கள். கேரளத்தில் பெரியவர்கள் நான்கு பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. நாட்டிலேயே மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் கேரளமும் ஒன்று.

சர்க்கரை நோய் என்றால் என்ன?

நாம் சோறு, இட்லி, கிழங்கு, பழம் சாப்பிடுகிறோம். அவை வயிற்றில் செரித்துச் சர்க்கரையாக மாறுகின்றன. அந்தச் சர்க்கரை இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் அதை உடம்பின் எல்லாப் பாகங்களுக்கும் கொண்டு போகிறது. உடம்பு வேலை செய்ய அந்தச் சர்க்கரைதான் விறகு.

ஆனால் சர்க்கரை தானாக உடம்பின் தசைக்குள் நுழைய முடியாது. அதற்குக் கதவு திறக்க வேண்டும். கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின். வயிற்றின் பின்பக்கம் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அது இன்சுலினைச் சுரக்கிறது.

சாலைக் கடைத்தெருவையே எடுத்துக் கொள்வோம். லாரியில் அரிசி மூட்டைகள் வந்து இறங்குகின்றன. கிட்டங்கியின் சாவி கிடைக்கவில்லை. அல்லது பூட்டு துருப்பிடித்து விட்டது. மூட்டைகள் எங்கே போகும்? தெருவிலேயே குவியும். தெருவில் வழி அடைபடும். கிட்டங்கிக்குள்ளோ ஒன்றும் இராது.

சர்க்கரை நோயிலும் இதுவே நடக்கிறது. இன்சுலின் போதவில்லை. அல்லது இருக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி விடுகிறது. இரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தும் உடம்பு பட்டினி கிடக்கிறது. அதனால்தான் களைப்பு வருகிறது. தேங்கிய சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுகிறது. அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் தாகம் எடுக்கிறது.

இந்த நோய் புதிதன்று. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் கண்டிருந்தார்கள். மதுமேகம் என்றும் நீரிழிவு என்றும் பெயர் வைத்தார்கள்.

இதில் எத்தனை வகை?

முதல் வகையில் கணையம் இன்சுலினைச் சுரப்பதே அநேகமாக நின்று போகிறது. இது பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருகிறது. இவர்களுக்கு இன்சுலின் ஊசி கட்டாயம் தேவை.

இரண்டாம் வகைதான் மிகவும் அதிகம். இது பெரியவர்களுக்கு வருவது. இப்போது 30 வயதிலேயே பலருக்கு வருகிறது. வலியசாலைக்காரருக்கு வந்திருப்பது இதுதான்.

கர்ப்பிணிப் பெண்கள் சிலருக்கும் சர்க்கரை கூடும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சரியாகி விடும். ஆனால் அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நோய் வர வாய்ப்பு அதிகம். ஆகவே அவர் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு வரலாம்?

தாய், தந்தை, உடன்பிறந்தவர்களுக்கு நோய் இருந்தால் நமக்கும் வரலாம். வயிறு பெருத்தவர்களுக்கு வரலாம். உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு வரலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் வரலாம். ஒல்லியானவர்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் வராது என்று சொல்ல முடியாது. இது தொற்று நோய் அன்று. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளாது. யார் செய்த பாவமும் அன்று.

அடிக்கடி சிறுநீர் போவது, அதிக தாகம், அதிக பசி, உடம்பு இளைப்பது, புண் ஆறாமல் இருப்பது, பார்வை மங்குவது, கால் மரத்துப் போவது ஆகியவை அறிகுறிகள். பலருக்கு எந்த அறிகுறியும் இராது. ஆகவே 30 வயது தாண்டிய எல்லோரும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

எண்ணைப் படியுங்கள்

வலி சொல்லாததை எண் சொல்லும். சோதனைச் சீட்டில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். நோய் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லி கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதே அந்த எண்.

வெறும் வயிற்றில் சோதனை: இரவு சாப்பிட்ட பின் 8 மணி நேரமாவது எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். காலையில் இரத்தம் கொடுக்க வேண்டும்.
100-க்குக் கீழே இருந்தால் நலம்.
100 முதல் 125 வரை இருந்தால் நோயின் வாசல்.
126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய்.

குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துச் சோதனை:
140-க்குக் கீழே இருந்தால் நலம்.
140 முதல் 199 வரை இருந்தால் நோயின் வாசல்.
200 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய்.

மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை: இதைச் சீட்டில் எச்.பி.ஏ.ஒன்.சி. என்று எழுதுவார்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சர்க்கரை எப்படி இருந்தது என்று இது காட்டும்.
5.7-க்குக் கீழே இருந்தால் நலம்.
5.7 முதல் 6.4 வரை இருந்தால் நோயின் வாசல்.
6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய்.

ஒரு தடவை கூடுதலாக வந்தால் பயப்பட வேண்டாம். டாக்டர் மறுபடியும் சோதித்து உறுதி செய்வார். நோய் உள்ளவர்களில் பலருக்கு மூன்று மாத எண்ணை 7 அளவில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வயதையும் உடல்நிலையையும் பொறுத்து இது மாறும். உங்களுக்கு எந்த எண் சரி என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

சோதனைக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து எண்ணைக் குறைப்பவர்கள் உண்டு. மூன்று மாதச் சோதனையிடம் அந்த ஏமாற்று பலிக்காது.

இலையில் எது எவ்வளவு?

"எனக்குச் சர்க்கரை. இனிமேல் சோறே கூடாதா?" என்று பலர் கவலைப்படுகிறார்கள். சோறு சாப்பிடலாம். அளவுதான் முக்கியம்.

சாப்பாட்டு இலையைப் பாருங்கள். வழக்கமாக நடுவில் சோறு மலை போல் இருக்கும். கறி ஓரத்தில் கொஞ்சம் இருக்கும். இதை மாற்ற வேண்டும். இலையை நான்கு பங்காக நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டு பங்கு காய்கறியும் கீரையும். ஒரு பங்கு சோறு அல்லது சப்பாத்தி. ஒரு பங்கு பருப்பு, பயறு, மீன் அல்லது முட்டை. இதற்குத் தனிச் சமையல் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் இதுவே நல்ல சாப்பாடு.

கோதுமை சாப்பிட்டால் சர்க்கரை கூடாது என்பது தவறு. ஆறு சப்பாத்தி சாப்பிட்டாலும் சர்க்கரை கூடும். குழைய வேகவைத்த கஞ்சி சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். மரச்சீனிக் கிழங்கும் ஏத்தன் பழமும் அளவோடுதான் இருக்க வேண்டும். வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் சர்க்கரைக்கு உறவுதான். "கருப்பட்டி போட்ட காப்பி ஒன்றும் செய்யாது" என்று நம்பக் கூடாது.

திருவனந்தபுரத்தில் கல்யாணச் சாப்பாடு என்றால் போளியும் பால் பாயசமும் உண்டு. போளியைப் பிய்த்துப் பாயசத்தில் போட்டுச் சாப்பிடுவார்கள். "ஒரு நாள்தானே" என்று பரிமாறுபவர் வற்புறுத்துவார். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாமல் இருப்பதும் மரியாதைதான்.

தேநீர்க் கணக்கையும் பாருங்கள். வலியசாலைக்காரர் நாளுக்கு 6 தேநீர் குடிப்பார். ஒவ்வொன்றிலும் 2 சிறு கரண்டி சர்க்கரை. மொத்தம் 12 கரண்டி. அது சுமார் 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ! இது அவர் தேநீரில் மட்டும் குடித்த சர்க்கரை.

விரதம் இருப்பவர்களும் நோன்பு இருப்பவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்க வேண்டும். மருந்து போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது ஆபத்து.

நடை ஒரு மருந்து

நடக்கும்போது தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் வேகமாக நடக்க வேண்டும். ஒரேயடியாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம். புகை பிடிப்பதையும் புகையிலை போடுவதையும் விட்டுவிட வேண்டும். சர்க்கரையும் புகையிலையும் சேர்ந்தால் கால் இரத்தக் குழாய்கள் சீக்கிரம் அடைபடும்.

மாத்திரையும் இன்சுலினும்

டாக்டர் சொன்ன மாத்திரையைச் சொன்ன நேரத்தில் சாப்பிட வேண்டும். எண் சரியாகி விட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது. மாத்திரையால்தான் எண் சரியாக இருக்கிறது. பாகற்காயும் வெந்தயமும் நல்ல உணவு. ஆனால் அவற்றை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

இன்சுலின் என்றால் பலருக்குப் பயம். "ஊசி போட்டால் கடைசிக் கட்டம்" என்று நினைக்கிறார்கள். அது உண்மையன்று. கனடா நாட்டின் டொரான்டோ நகரில் 1921-ல் பேண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அதைப் போட்டார்கள். அவன் சாகும் நிலையில் இருந்தான். இன்சுலின் அவனைப் பிழைக்க வைத்தது. அதற்கு முன் முதல் வகை நோய் வந்த குழந்தைகள் பிழைத்ததில்லை. இன்சுலின் உயிர் எடுக்க வந்ததன்று. உயிர் கொடுக்க வந்தது.

தமிழ்நாட்டிலும் இந்த நோய்க்கென்று முன்பே வழி திறந்தது. டாக்டர் எம். விசுவநாதன் 1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கினார். பின்னர் இராயபுரத்தில் இந்த நோய்க்கே ஓர் ஆஸ்பத்திரி அமைத்தார்.

இன்சுலினைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீர் உதவும். மருந்துப் புட்டியைத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்துப் பானைக்குள் வைக்கலாம். வெயிலில் வைக்கக் கூடாது. உறையவும் விடக் கூடாது.

சர்க்கரை திடீரென்று குறைந்தால்

சர்க்கரை கூடுவது மெதுவான ஆபத்து. குறைவது உடனடி ஆபத்து. மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இப்படி ஆகலாம். வியர்க்கும். கை நடுங்கும். படபடப்பு வரும். கண் இருளும். பேச்சுக் குழறும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்றுகூடத் தவறாக நினைப்பார்கள். எண் 70-க்குக் கீழே போயிருக்கும்.

உடனே 3 சிறு கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் பொறுக்க வேண்டும். சரியாகாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கி விட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரை ஏறிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மருந்து சாப்பிடுபவர்கள் சட்டைப் பையில் நான்கு மிட்டாய் வைத்திருப்பது நல்லது.

தினமும் காலைப் பாருங்கள்

சர்க்கரை பல வருஷம் கூடுதலாக இருந்தால் நரம்பு கெடும். கால் மரத்துப் போகும். முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது. சிறு புண் பெரிய புண்ணாகும். காலையே எடுக்க நேரிடும். சுமை தூக்குபவருக்குக் கால் போனால் பிழைப்பும் போகும். இதைத் தடுக்கத் தினமும் இரண்டு நிமிடம் போதும்.

இரவில் படுக்கும் முன் இரண்டு காலையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கால் தெரியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். விரல் இடுக்கிலும் பாருங்கள். காலைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். செருப்பைப் போடும் முன் உள்ளே தடவிப் பாருங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். கோயில் பிரகாரத்தில் செருப்புப் போட முடியாது. உச்சி வெயிலில் கல் கொதிக்கும். கால் மரத்தவர்கள் காலையிலோ மாலையிலோ போகலாம். காலை வெந்நீரில் வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள். கால் ஆணியைப் பிளேடால் அறுக்காதீர்கள். புண் வந்தால் அன்றே காட்டுங்கள்.

கண்ணையும் சிறுநீரகத்தையும்கூடச் சர்க்கரை ஓசையில்லாமல் கெடுக்கும். பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணின் உட்புறத்தைச் சோதிக்க வேண்டும். சிறுநீரிலும் இரத்தத்திலும் சிறுநீரகச் சோதனை செய்ய வேண்டும். இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

சேர்ந்தால் எளிது

நோயின் வாசலில் நிற்பவர்கள் திரும்பி வர முடியுமா? முடியும். சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்தார்கள். முடிவு 2006-ல் வெளிவந்தது. பழக்கத்தை மாற்றாதவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் சீர் செய்தவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது.

திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே இன்னொரு முயற்சி நடந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் 60 இடங்களில் 1007 பேர் இதில் சேர்ந்தார்கள். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தினர் இதில் பங்கு கொண்டார்கள். பாதி இடங்களில் கையேடு மட்டும் கொடுத்தார்கள். மற்ற இடங்களில் ஊர்க்காரர்களே குழுவாகக் கூடினார்கள். தங்களுக்குள்ளேயே தலைவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். கையேடு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 17 பேருக்கு நோய் வந்திருந்தது. குழுவாகக் கூடியவர்களில் 100-க்கு 15 பேருக்கு வந்திருந்தது. இந்த வேறுபாடு சிறியது. இதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் குழுவில் இருந்தவர்கள் காய்கறியும் பழமும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மதுவைக் குறைத்தார்கள். பழக்கத்தை மாற்றக் கூட்டு உதவுகிறது என்பது தெரிந்தது.

வலியசாலைக்காரர் இப்போது எப்படி இருக்கிறார்? கால் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அதுவரை வேலைக்குப் போக முடியவில்லை. ஆனால் கால் தப்பியது. அவர் எழுத்தறிவு வகுப்பில் எழுதக் கற்றவர். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். கோடு போட்டார். தேதி, வெறும் வயிற்று எண், சாப்பிட்ட பின் எண், மாத்திரை என்று தலைப்புகள் எழுதினார். முதல் வரியில் 240 இருக்கிறது. நான்கு மாதம் கழித்து எழுதிய வரியில் 128 இருக்கிறது.

கூட வேலை செய்யும் ஒருவர் அந்த நோட்டைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது என்ன கணக்கு? யாருக்குக் கடன்?" என்று கேட்டார்.

"என் காலுக்கு நான் வச்சிருக்கிற கணக்கு தம்பி. நீயும் ஒரு தடவை சோதிச்சுப் பாரு. நாளைக்கு நானும் கூட வர்றேன்" என்றார் அவர்.

நினைவில் கொள்வோம்

1. சர்க்கரை நோய் வலிக்காது. சோதித்தால்தான் தெரியும்.
2. எண்ணைப் படிப்போம். நோட்டில் எழுதுவோம்.
3. இலையில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவோம்.
4. தினமும் 30 நிமிடம் நடப்போம்.
5. மருந்தைத் தானாக நிறுத்த மாட்டோம்.
6. தினமும் இரவில் காலைப் பார்ப்போம்.

கலந்து பேசுவோம்

உங்கள் வீட்டில் யார் யார் 30 வயதைத் தாண்டியவர்கள்? அவர்களில் யார் சர்க்கரையைச் சோதித்திருக்கிறார்கள்?

உங்கள் வீட்டில் மாதம் எத்தனை கிலோ சர்க்கரையும் வெல்லமும் வாங்குகிறீர்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் தெருவில் காலையில் சேர்ந்து நடக்க எத்தனை பேர் வருவார்கள்?